விசும்பன்: வானத்துக்கும் வில்லுக்கும் ஒரே சாமி சரிப்படுமா?

#1 கூதிர்

மலையும் மழையுமான ஒரு நாட்டில் நடக்கும் கேம்பெயினுக்காக (தொடர்ந்து ஆடும் கதைக்காக) ஒரு தெய்வமும் அதன் பூசாரிக் கூட்டமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆட்டம் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடுவது), ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். வரைவு இதோ, எங்கே உடைகிறது என்று சொல்லுங்கள்.

பெயர் விசும்பன். வானம், காற்று, வில் மூன்றும் இவர் வசம். சின்னம், அம்பு மேல்நோக்கி நிற்கும் நாணேற்றிய வில். கிளெரிக்குக்கு (சாமி தரும் சக்தியால் மந்திரம் போடும் பூசாரிப் பாத்திரம்) தனி டொமைன், அதாவது சாமிக்கேற்ற சக்தித் தொகுப்பு:

லெவல் 1: எல்லா மார்ஷியல் (போர்வீரர்) ஆயுதங்களும், ஹெவி ஆர்மரும் (கனத்த கவசம்). வில் எய்யும்போது டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு எண், சுருக்கமாக டெக்ஸ்) பதில் விஸ்டம் (ஞான எண், கிளெரிக்கின் மந்திரம் இதைச் சார்ந்தது).
லெவல் 2, சேனல் டிவினிட்டி (ஓய்வுக்கு இத்தனை தடவை என்று கிடைக்கும் சாமி சக்தி): ஒரு நிமிடத்துக்கு எல்லா வில் அட்டாக்குக்கும் அட்வான்டேஜ் (இருபதுமுகப் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது; டிஸ்அட்வான்டேஜ் என்றால் சிறியதை).
லெவல் 6: நிரந்தரமாக 60 அடி பறக்கும் வேகம்.
லெவல் 8: டிவைன் ஸ்ட்ரைக் (ஆயுத அடிக்குக் கூடுதல் சேதம்), வழக்கம்போல் டி8, அதாவது ஓர் எட்டுமுகப் பகடை.
லெவல் 17: எய்த அம்பு தவறாது.

டொமைன் ஸ்பெல்களில் ஃபெதர் ஃபால், கஸ்ட் ஆஃப் விண்ட், விண்ட் வால், லைட்னிங் ஆரோ, ஸ்விஃப்ட் க்விவர் உண்டு. பூசாரிகளில் மூன்று படி: நாண்காரர், கணைக்காரர், வில்மூத்தார். விடியற்காலையில் வானத்தை நோக்கி நேர்மேலே ஓர் அம்பு விடுவதுதான் தினசரி வழிபாடு.

#2 பகடைக்காரி

லெவல் 6 பறத்தலை முதலில் தூக்குங்க. புயல் சாமிகளோட டெம்பெஸ்ட் டொமைனுக்கு இதே சக்தி 17-ல்தான் வருது, அதுவும் கூரைக்கடியிலயும் நிலத்தடியிலயும் வேலை செய்யாது. லாங்போவோட சாதாரண எல்லை 150 அடி. 150 அடி உயரத்துல மிதந்துக்கிட்டு எய்யறவனை ஓநாயோ ஓகரோ ஒண்ணும் செய்ய முடியாது. டிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) ஒவ்வொரு சண்டையையும் குகைக்குள்ள வைக்கவேண்டி வரும். வானத்து சாமியோட பூசாரி வானத்தையே பார்க்காம காலம் தள்ளுவார்.

அடுத்து லெவல் 1. விஸ்டத்தால எய்யறது தனியா பாத்தா ஒண்ணும் பெரிய ஆபத்து இல்ல. ஹெவி ஆர்மரையும் கூடவே குடுத்தீங்கன்னாதான் கோளாறு. ஹெவி ஆர்மர் போட்டா ஏசிக்கு (எதிரி உருட்டல் எட்ட வேண்டிய தற்காப்பு எண்) டெக்ஸ் வேணாம், வில்லுக்கும் வேணாம்னா டெக்ஸை 8-ல போட்டுட்டுப் போயிடலாம். இன்னிஷியேட்டிவும் (சண்டையில யார் முந்தறதுங்கற உருட்டல்) டெக்ஸ் சேவும் (ஆபத்திலேர்ந்து தப்பிக்கற உருட்டல்) தான் முக்கியமா அடிவாங்கும். இரண்டுல ஒண்ணை எடுங்க. நான் ஹெவி ஆர்மரை எடுப்பேன். காற்றுக்கும் தட்டுக்கவசத்துக்கும் என்ன உறவு?

இன்னொரு ஓட்டை: 2014-ல கிளெரிக்குக்கு டொமைன் முதல் லெவல்லயே வந்துடும். ரேஞ்சரோ ட்ரூயிடோ (விஸ்டத்தால மந்திரம் போடற மத்த வகுப்புக்காரங்க) ஒரே ஒரு லெவல் கிளெரிக் எடுத்துட்டு விஸ்டம் வில்லோட ஓடிடுவாங்க. அதை லெவல் 6-க்குத் தள்ளுங்க, இல்லன்னா 'கோயில்ல நாணேத்திக் குடுத்த வில்லுக்கு மட்டும்'னு கட்டுங்க.

சேனல் டிவினிட்டி: வார் டொமைனோட கைடட் ஸ்ட்ரைக் ஒரே ஒரு உருட்டலுக்கு +10. நீங்க குடுக்கறது பத்து ரவுண்டுக்கு அட்வான்டேஜ். லெவல் 6-லேர்ந்து ஒவ்வொரு ஓய்வுக்கும் இரண்டு தடவை. கூட ஷார்ப்ஷூட்டர்ங்கற ஃபீட் (தனித்திறமை) இருந்தா -5/+10-ல, அதாவது எய்யற உருட்டல்ல 5 குறைச்சு சேதத்துல 10 கூட்டறதுல, அந்த -5 வலிக்கவே வலிக்காது.

17-ல 'தவறாது'ன்னு எழுதாதீங்க. உருட்டாத பகடைக்குக் கிரிட்டும் (20 விழுந்தா வர கூடுதல் சேதம்) கிடையாது, ஆட்டமும் கிடையாது.

#3 எட்டாம்பக்கம்

பகடைக்காரி சொன்னதெல்லாம் சரி. ஆனால் வில் கிளெரிக்கின் உண்மையான பிரச்சினை வலிமை இல்லை, சோப்ளாங்கியாக இருப்பது. கணக்கைப் பாருங்கள். எதிரியின் ஏசி 15, டெக்ஸ் சேவ் +1 என்று வைத்துக்கொள்வோம். கிரிட்டை விட்டுவிடுகிறேன்.

லெவல் 5, டெக்ஸ் 16, விஸ்டம் 18. லாங்போ: +6, பகடையில் 9 வேண்டும், 60 சதவீதம். சேதம் சராசரி 7.5. ஆக 4.5. அதே ஆள் சேக்ரட் ஃப்ளேம் போட்டால் 2டி8, டிசி (எதிரியின் சேவ் எட்ட வேண்டிய எண்) 15, எதிரி 65 சதவீதம் தோற்பான். 5.85. இலவச மந்திரம் வில்லை ஜெயித்துவிட்டது. லெவல் 4-ல் கிடைத்த ஏற்றத்தை டெக்ஸில் போட்டிருந்தாலும் வில் 5.5 தான்.

லெவல் 8-ல் டிவைன் ஸ்ட்ரைக் வந்ததும் வில் 7.2, சேக்ரட் ஃப்ளேம் (விஸ்டம் 20) 6.3. வில் முந்துகிறது. லெவல் 11-ல் மந்திரம் 3டி8 ஆகிவிடும்: மந்திரம் 10.1, வில் 7.8. மறுபடி பின்தங்கல். 14-ல் டிவைன் ஸ்ட்ரைக் 2டி8 ஆனதும் மறுபடி முந்தல்.

கிளெரிக்குக்கு எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரே ஆக்ஷனில் இரண்டாவது அடி) இல்லாததுதான் காரணம். இதற்கு மேல் சேதத்தைக் கூட்டிக்கொண்டே போவது தப்பான வழி. சேக்ரட் ஃப்ளேம் 60 அடிதான் போகும். லாங்போ 150, டிஸ்அட்வான்டேஜோடு 600. வில்லுக்கு உள்ள ஒரே மேன்மை தூரம். டொமைனின் சக்திகள் தூரத்தைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

#4 கூதிர்

ஹெவி ஆர்மர், பறத்தல், தவறாத அம்பு மூன்றும் அவுட். கை விஷயத்தில் ஒரு சந்தேகம்: வில்லுக்கு இரண்டு கை வேண்டும் என்றால் மந்திரம் எப்படிப் போடுவது? கேடயத்தில் சின்னத்தைப் பொறிக்க முடியாதே.

#5 பகடைக்காரி

இரண்டு கை எய்யும்போது மட்டும்தான் வேணும். மத்த நேரம் ஒரு கையில வில், இன்னொரு கை காலி. சின்னத்தைக் கழுத்துல தெரியற மாதிரி தொங்கவிட்டா போதும், காலிக் கையால சைகை. சிக்கல் கேடயம்தான். மாட்டவோ கழட்டவோ ஒரு முழு ஆக்ஷன் போகும். அதனால வில் கிளெரிக் ஏசியில 2 குறைவாத்தான் நிப்பார்னு ஒத்துக்கோங்க. அது நியாயமான விலை.

புதுசா ஆடறவங்க வழக்கமா இடறி விழற மூணு இடம் இருக்கு.

ஸ்பிரிச்சுவல் வெப்பன் மந்திரத்தை மிதக்கும் வில்லா வர்ணிக்கலாம், தப்பில்ல. ஆனா விதிப்படி அது மெலி (கைக்கெட்டற தூரத்து) ஸ்பெல் அட்டாக். எதிரிக்கு 5 அடிக்குள்ள கொண்டுபோய்த்தான் அடிக்கணும். மிதக்கும் வில் 60 அடியிலேர்ந்து அம்பு விடாது.

ஸ்பிரிட் கார்டியன்ஸ் (எதிரியைத் தாக்கற காவல் ஆவிகள்) உங்களைச் சுத்தி 15 அடி. அதைப் போட்டுட்டுப் பின்னாடி நின்னு எய்யறது வீண். முன்னாடி போனா, 5 அடிக்குள்ள எதிரி நிக்கும்போது எய்தா டிஸ்அட்வான்டேஜ். வில் பூசாரிக்கு பிளெஸ் (கூட்டாளிகளோட உருட்டலை ஏத்தற மந்திரம்) தான் சோறு போடும். ஸ்பிரிட் கார்டியன்ஸை மறந்துடுங்க.

மூணாவது உங்க பட்டியல்லயே இருக்கு. விண்ட் வால். அந்தச் சுவருக்குப் பின்னாடி இருக்கறவங்க மேல விடற சாதாரண அம்பெல்லாம் மேல தூக்கி எறியப்பட்டுத் தானா தவறிடும். அது உங்க அம்பா எதிரி அம்பான்னு பாக்காது. வில்லாளிகளோட சாமி தன் ஆளுக்கே வில்லைப் பூட்டற மந்திரத்தைக் குடுக்கறார்.

#6 மூங்கில்வில்

பகடைக்காரியின் கடைசி வரியில் இந்தச் சாமியின் முழுக் கதையும் இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

வானம் வில்லுக்குப் பகை. காற்று அம்பைத் தள்ளும், மழை நாணை நனைக்கும், ஈரம் பசையை இளக்கும், எதிர்வெயில் கண்ணைக் கட்டும். விதியிலும் இது உண்டு: பலத்த காற்றில் தொலைதூர ஆயுதங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ். அப்படியிருக்க வானத்தையும் வில்லையும் ஒரே ஆளிடம் கொடுத்தால், தன் பக்தனின் அம்பைத் தானே கெடுக்கும் சாமி கிடைக்கிறார். டி அண்ட் டியின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் இந்தச் சங்கடமே இல்லை. எல்ஃப்களுக்கு வில் சோலோனோர் தெலாண்டிராவிடம், காற்றும் வானிலையும் ஏர்ட்ரி ஃபேன்யாவிடம் என்று பிரித்துவிட்டார்கள். நீங்கள் சேர்த்துவிட்டீர்கள். சேர்த்தது நல்லதுதான். ஆனால் அந்த முரண்தான் மதமாக வேண்டும்.

அம்பு வில்லாளி சொல்வது, காற்று சாமி சொல்லும் பதில். பதிலைக் கேட்டு அதற்கேற்ப எய்யத் தெரிந்தவர் பூசாரி. அப்படி வைத்தால் இந்தக் கூட்டத்தின் முதல் தொழில் காற்று பார்ப்பது. எய்வது இரண்டாவது.

இனி உங்கள் மழை நாடு. கொம்பு, மரம், நரம்பு ஒட்டிச் செய்யும் கூட்டுவில் அங்கே தாங்காது. ஒட்டும் பசை தோலிலிருந்தும் மீனின் காற்றுப்பையிலிருந்தும் காய்ச்சுவது. ஈரக்காற்றை உறிஞ்சி இளகும். வில் முதலில் வலுவிழக்கும், அப்புறம் முறுக்கிக்கொள்ளும், கடைசியில் நரம்பு அடுக்கு பிரிந்து எழும்பும். கொரியாவில் கொம்புவில்லை இளஞ்சூடான பெட்டியில் வைத்துப் பாதுகாப்பது இதற்காகத்தான். இந்தியாவில் முழுக்க எஃகாலேயே வில் அடித்ததற்கும் இந்தத் தட்பவெப்பம் ஒரு காரணம். எஃகு வில் அவ்வளவு துள்ளாது, ஆனால் ஆயுதச்சாலையில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் கெடாது.

ஆகவே மலைக்கோயிலில் மூங்கில் அல்லது ஒற்றை மரத்து வில். கருவறைக்குப் பக்கத்தில் எப்போதும் தணல் இருக்கும் ஓர் அறை. கூட்டுவில் வைத்திருக்கும் பணக்கார பக்தர்கள் மழைக்காலத்தில் அதை அங்கே ஒப்படைக்கிறார்கள். கோயிலுக்கு அது வருமானமும்கூட. மழை மூன்று மாதமும் வில்லெல்லாம் நாணிறக்கி இருக்கும், பூசாரி அம்பு விடமாட்டார். அந்தக் காலத்துக்கு ஒரு பெயர் வையுங்கள். எதிரிகள் படையெடுக்கும் காலமும் அதுதான் என்று டிஎம் குறித்துக்கொள்ளலாம்.

#7 நிகண்டு

பெயர் குறித்து. 'விசும்பு' என்பது வானுக்கான பழஞ்சொல்; விசும்பன் பிழையில்லை. ஆனால் வானத்தையும் வில்லையும் தமிழ் ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பதைக் கவனித்தீர்களா? வானவில் என்ற சொல்லே போதும். இந்திரவில் என்றும் அதைச் சொல்வார்கள். சேரர்க்குக் கொடி வில். அவர்களுக்கு வழங்கும் பெயர்களில் வில்லவன் உண்டு, வானவன் உண்டு, வானவரம்பனும் உண்டு. எனவே யாரேனும் 'வானவில்லவன்' என்று மாற்றச் சொன்னால் ஏற்காதீர்கள். சேரன் பெயர் இரண்டை ஒட்டவைத்தது போலிருக்கும்.

படிப்பெயர்களுக்குப் பழைய சொற்கள் கைகொடுக்கும். சிலை என்றால் வில், வில்லுக்கு உதவும் ஒரு மரத்துக்கும் அதே பெயர். பகழி, கணை இரண்டும் அம்பு. நாண் மாட்டும் வெட்டு குதை. வில்லாளி கையில் அணியும் தோலுறை கோதை. கோதை என்பது சேரர் பெயராகவும் வருவது தனி வேடிக்கை.

ஸ்விஃப்ட் க்விவர் மந்திரத்துக்குத் தமிழ்ப் பெயர் தேட வேண்டாம். அம்பறாத்தூணி என்பதைப் பிரித்தால் அம்பு அறாத தூணி, அதாவது அம்பு தீராத கூடு. மந்திரம் செய்வதும் அதுவே.

தூணி ஒரு முகத்தலளவையும் ஆகும்: நான்கு மரக்கால். தூணிக்குத் தூணி நெல் என்று கோயில் வரியை வைத்தால் கேட்பவர் சிரிப்பார், மறக்கமாட்டார்.

#8 எட்டாம்பக்கம்

ஸ்விஃப்ட் க்விவர் பற்றி ஒரு எச்சரிக்கை. லெவல் 9-ல் இருப்பது ஒரே ஒரு ஐந்தாம் நிலை ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு). மந்திரத்தைப் போடுவதே போனஸ் ஆக்ஷன் (தன் முறையில் ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயல்), அது தரும் இரண்டு கூடுதல் அம்பும் போனஸ் ஆக்ஷன். எனவே போட்ட ரவுண்டில் பலன் இல்லை, அடுத்த ரவுண்டிலிருந்து மூன்று அம்பு. கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்துக்கே தரக்கூடிய கவனம்) வேறு, பிளெஸ் போய்விடும். டிவைன் ஸ்ட்ரைக்கும் ஒரு டர்னுக்கு ஒரு தடவைதான். மூன்று அம்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடும் ஆட்டக்காரரைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள்.

#9 மூங்கில்வில்

பூசாரிப் படிகளுக்கு வருகிறேன். 'நாண்காரர், கணைக்காரர், வில்மூத்தார்' என்று பெயர் மட்டும் இருக்கிறது. ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி ஏறுவது? உலகத்தில் நடந்த நான்கு வழிகள் இருக்கின்றன, நான்கும் நான்கு விதமான கூட்டத்தை உண்டாக்கும்.

இஸ்தான்புல் ஓக்மைதான். 1453-ல் நகரைப் பிடித்த பின் இரண்டாம் மெஹ்மெத் வில்லாளிகளுக்கென ஒதுக்கிய திடல். அங்கே வில்லாளிகளுக்கு ஒரு தெக்கே, அதாவது மடம், இருந்தது. உறுப்பினராக 900 கெஸ் தூரம் எய்ய வேண்டும். ஒரு கெஸ் ஏறக்குறைய 66 செ.மீ., ஆக 594 மீட்டர். எய்து காட்டியவருக்கு ஆசான் வில்லின் பிடியைக் கையளிக்கும் சடங்கு. சாதனைத் தூரம் எய்தவர்களுக்குத் திடலில் கல் நட்டார்கள். உங்கள் கதைக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கல்தான். எந்தக் காற்றில் எய்தது என்பதற்கேற்பக் கல் வரிசைகள் திசை திசையாகப் பிரிந்திருந்தன. காற்றே கோயிலின் வரைபடம்.

ஃபிளாண்டர்ஸ். புனித செபாஸ்தியான் பெயரில் வில்லாளர் சங்கங்கள். உயரமான கம்பத்து உச்சியில் ஒரு மரப்பறவை, அதை வீழ்த்துகிறவர் அந்த ஆண்டுக்கு அரசர். மூன்று ஆண்டு தொடர்ந்து வீழ்த்தினால் பேரரசர். தலைமைப் பூசாரியை இப்படித் தேர்ந்தெடுத்தால் என்ன கோளாறு என்பது வெளிப்படை: அதிர்ஷ்டசாலியான பதினெட்டு வயதுப் பையன் ஒரு வருஷம் கோயிலை ஆளுவான். அதனால் அரசர் வேறு, கணக்குச் சாவி வைத்திருப்பவர் வேறு. உங்கள் சதிக்கதை அங்கேதான் முளைக்கும்.

ஸ்காட்லாந்தின் கில்வின்னிங். மடாலயக் கோபுரத்திலிருந்து நீட்டிய கம்பில் மரக்கிளி. அடியில் நின்று செங்குத்தாக எய்ய வேண்டும்.

கியோட்டோவின் சஞ்சூசங்கெந்தோ. ஏறக்குறைய 120 மீட்டர் நீளத் திண்ணை, மேலே தாழ்வாரக் கூரை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எய்ய வேண்டும். 1686-ல் வாசா தைஹச்சிரோ 24 மணி நேரத்தில் 13,053 அம்பு விட்டார், 8,133 தேறியது. வகுத்துப் பாருங்கள்: நாள் முழுக்க நிமிடத்துக்கு 9 அம்பு, தேறியது 62 சதவீதம். இதில் கஷ்டம் தூரம் மட்டும் இல்லை, கூரை. அம்பை மேலே தூக்கி விட முடியாது. தட்டையாகவும் வேகமாகவும் போயே ஆக வேண்டும்.

வில்மூத்தார் ஆவதற்கு நான் கியோட்டோவை எடுப்பேன். வானத்துச் சாமியின் கடைசிப் பரீட்சையில் வானத்தை மறைத்துவிடுகிறார்கள். காற்று கைகொடுக்காது, வளைவு கைகொடுக்காது, உடம்பும் நாணும் மட்டும்.

#10 பகடைக்காரி

ஆகா. அதை ஆட்டத்துல வைக்கறதுன்னா 13,053 தடவை உருட்டச் சொல்லாதீங்க. நாலு மணி நேரத்துக்கு ஒரு கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ், மொத்தம் ஆறு. டிசி 10-ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணுக்கும் 2 ஏத்துங்க, கடைசி 20. தோத்தா ஒரு எக்ஸாஷன் (களைப்புப் படி). மூணு எக்ஸாஷன்ல 2014 விதிப்படி அட்டாக் ரோலுக்கும் சேவுக்கும் டிஸ்அட்வான்டேஜ் வந்துடும், அங்கேயே நிறுத்திடுங்க. ஆறாவது எக்ஸாஷன் மரணம்.

#11 மூங்கில்வில்

விடியற்காலை அம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது ஆளைக் கொல்லும்.

வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் நேர்மேலே விட்டால், காற்றுத்தடையைக் கணக்கில் எடுக்காமல் 127 மீட்டர் ஏறி, ஏறத்தாழ 10 வினாடியில் திரும்பி வரும். தடையால் உயரமும் வேகமும் கொஞ்சம் குறையும், ஆனால் முனை கீழ்நோக்கித்தான் வரும். செங்குத்திலிருந்து கை 3 டிகிரி சாய்ந்தால் அதே கணக்கில் 27 மீட்டர் தள்ளி விழும். 27 மீட்டர் தள்ளி யார் நிற்கிறார்கள்? காலை பூசைக்கு வந்த கூட்டம்.

மூன்று மாற்றங்கள். முனை கூராக இருக்கக்கூடாது, மொட்டைத் தலை. அகலமான மரக்குமிழ். கம்பத்துப் பறவையை எய்பவர்களும் மொட்டை அம்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது, இறகைக் கத்தரிக்காமல் முழு உயரத்துக்கு விட்டு, சுருளாகவும் சுற்றிவிடுங்கள். பறவை வேட்டைக்கு இப்படிப்பட்ட அம்பு உண்டு: முதல் சில பத்து மீட்டர் ஒழுங்காகப் போகும், அப்புறம் தடை கூடித் தொப்பென்று வேகம் இழக்கும். மூன்றாவது, நேர்மேலே வேண்டாம். விழும் இடம் ஒரு வேலியிட்ட சரிவாக இருக்கும்படி சாய்த்து எய்யுங்கள்.

அந்தச் சரிவுதான் பூசாரி குறி சொல்லும் இடம். அம்பு எங்கே விழுந்தது என்பதை வைத்து மேலே எந்தக் காற்று அடிக்கிறது என்று தெரியும். தரையில் காற்றே இல்லாதபோதும் நூறடிக்கு மேலே அடிக்கும். சரிவில் கல்வரிசை நட்டிருந்தால் மூத்தார் கல்லை எண்ணி அன்றைக்குச் சொல்லிவிடுவார். விவசாயி கேட்க வருவதும் அதைத்தான், வில்லாளி கேட்க வருவதும் அதைத்தான்.

#12 நிகண்டு

நாண்காரர் என்ற கடைநிலைக்காரருக்கு நாள் முழுதும் என்ன வேலை? படியின் பெயர் நாணை வைத்து வந்திருக்கிறது. தொழிலும் அதையொட்டி இருக்கட்டும்.

#13 மூங்கில்வில்

வேலைக்கா பஞ்சம்? நாண் திரிப்பது, தேன்மெழுகு தேய்ப்பது, காலையில் நாணேற்றுவது, மாலையில் இறக்குவது. மரவில்லை நாணேற்றியே வைத்தால் அது அந்த வளைவுக்கே பழகிச் சோம்பிவிடும். அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்து விட்டால் அந்தச் சக்தி முழுக்க வில்லுக்குள்ளேயே இறங்கி, அது பிளக்கும். இந்தக் கூட்டத்தில் பெரிய பாவமே அதுவாகத்தான் இருக்க வேண்டும். வெறுநாண் விடுகிறவன் சாமியிடம் பேச வந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கத்துகிறவன்.

இறகு வேலை இன்னும் பெரிது. ஓர் அம்புக்கு மூன்று இறகு, மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து. இடது சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும், வலது மறுபக்கம். கலந்து ஒட்டினால் அம்பு ஒழுங்காகச் சுழலாமல் தள்ளாடும். மூன்றில் ஒன்று வேறு நிறம், குதையின் வெட்டுக்குச் செங்குத்தாக, வில்லுக்கு வெளிப்புறம் பார்த்து நிற்கும். அதனால் இருட்டிலும் விரல் தடவி அம்பைச் சரியாக மாட்டலாம். கோயிலுக்கு அந்த ஓர் இறகு மட்டும் நீலம் என்று வைக்கலாம்.

இறகுக்குப் பறவை? இங்கிலாந்தில் 1417-ல் ஒவ்வொரு கூஸ் வாத்திடமிருந்தும் ஆறு சிறகிறகு எடுக்க ஐந்தாம் ஹென்றி ஆணையிட்டார். இடது மூன்று, வலது மூன்று என்றால் ஒரு வாத்துக்கு இரண்டு அம்பு.

#14 எட்டாம்பக்கம்

அப்படியானால் கோயிலில் 40 வில்லாளி, ஆளுக்கு 24 அம்பு. 960 அம்பு, 2,880 இறகு, 480 வாத்து. நீள இறகை இரண்டாக வெட்டினால் 240. எப்படிப் பார்த்தாலும் இது வாத்துப்பண்ணை, கூடவே கொஞ்சம் கோயில்.

ஆட்டக் கணக்கிலும் அம்பு தீரும். விதிப்படி 20 அம்பு 1 பொற்காசு, சண்டை முடிந்து ஒரு நிமிடம் தேடினால் பாதி திரும்பக் கிடைக்கும். நாளைக்கு 16 அம்பு விட்டால் நிகர இழப்பு 8. ஒரு தூணி இரண்டரை நாள் வரும். பணமாகப் பார்த்தால் அற்பம், ஆனால் கோயிலை விட்டுப் பத்து நாள் தள்ளிப் போகும் பயணத்தில் அது கடிக்கும்.

#15 பகடைக்காரி

நைட் வாட்ச்சுக்கு நாய் வேண்டாம். வாத்து போதும், ராத்திரி ஒருத்தன் சுவர் ஏறினா ஊரைக் கூட்டிடும். உங்க ரோக்குக்கு (திருட்டு வேலை தெரிஞ்ச பாத்திரம்) ஸ்டெல்த் (ஒளிஞ்சு போற உருட்டல்) டிஸ்அட்வான்டேஜ்.

2024 விதிக்கு மாறற எண்ணம் இருந்தா சில விஷயம் தானா தீர்ந்துடும். டொமைன் லெவல் 3-லதான் வரும், அதனால ஒரு லெவல் எடுத்துட்டு ஓடற வேலை நடக்காது. லெவல் 1-ல டிவைன் ஆர்டர்ல ப்ரொடெக்டர் எடுத்தா மார்ஷியல் ஆயுதம் கைக்கு வந்துடும், டொமைன்ல எழுத வேணாம். மேஜிக் இனிஷியேட்ங்கற ஃபீட்ல விசார்ட் (மந்திரவாதி) பட்டியலை எடுத்து, மந்திரத் திறனா விஸ்டத்தைத் தேர்ந்தெடுத்து, ட்ரூ ஸ்ட்ரைக் வாங்கினா விஸ்டத்தாலேயே எய்யலாம். லெவல் 5-ல கூடுதல் டி6-ம் சேரும், எட்டாம்பக்கம் சொன்ன அந்த 5-7 பள்ளம் நிரம்பிடும். ஒரே நிபந்தனை, லாங்போ ஹெவி ஆயுதம். டெக்ஸ் 13-க்குக் கீழ இருந்தா டிஸ்அட்வான்டேஜ். ஷார்ப்ஷூட்டர்ல அந்த -5/+10 போயிடுச்சு, பதிலா பக்கத்துல எதிரி நின்னாலும் சங்கடமில்லாம எய்யலாம்.

#16 கூதிர்

2014-லேயே இருக்கிறேன், குழுவில் எல்லோரிடமும் அந்தப் புத்தகம்தான். திருத்திய வரைவு:

லெவல் 1: லாங்போ மட்டும், வேறு மார்ஷியல் ஆயுதம் இல்லை. மீடியம் ஆர்மரே போதும். பலத்த காற்றால் வரும் டிஸ்அட்வான்டேஜ் உங்கள் வில்லுக்குக் கிடையாது.

லெவல் 2, சேனல் டிவினிட்டி 'காற்றின் பதில்': ஆக்ஷன், ஒரு நிமிடம், கான்சன்ட்ரேஷன் இல்லை. உங்களைச் சுற்றி 20 அடிக்குள் நிற்கும் நண்பர்கள்மேல் 30 அடிக்கு அப்பாலிருந்து வரும் ஆயுத அட்டாக்குகளுக்கு டிஸ்அட்வான்டேஜ். உள்ளிருந்து வெளியே போகும் அம்புக்கு ஒன்றும் ஆகாது. விண்ட் வாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

லெவல் 6: கோயிலில் நாணேற்றிய வில்லில் விஸ்டம். கூடவே, 60 அடிக்குள் யாருடைய அம்பு தவறினாலும் ரியாக்ஷனால் (அடுத்தவர் முறையிலும் செய்யக்கூடிய பதில் செயல்) அதைத் திருப்பி, முதல் இலக்கிலிருந்து 10 அடிக்குள் உள்ள இன்னொருவர்மேல் மறுபடி உருட்டலாம். நீண்ட ஓய்வுக்கு விஸ்டம் மாடிஃபையர் தடவை.

லெவல் 8, 14: டிவைன் ஸ்ட்ரைக். லெவல் 17: டெம்பெஸ்ட் மாதிரியே திறந்தவெளியில் மட்டும் பறத்தல்.

மழை மூன்று மாதத்துக்கு 'நாணிறக்கம்' என்று பெயர். அந்தக் காலத்தில் லெவல் 6 சக்தியின் விஸ்டம் பகுதி வேலை செய்யாது, ஏனென்றால் கோயிலில் நாணேற்ற மாட்டார்கள்.

#17 பகடைக்காரி

6-ல ஒரு ஓட்டை. 'யாருடைய அம்பு தவறினாலும்'னு எழுதினா எதிரி அம்பையும் திருப்பலாம். வேணும்னே அப்படி வெச்சிருந்தா சரி, ஆனா எதிரி அம்பைத் திருப்பும்போது யாரோட அட்டாக் போனஸ்னு எழுதுங்க. எய்தவனோட போனஸ்னு வைங்க. இல்லன்னா மேசையில அரை மணி நேரம் போகும்.

#18 மூங்கில்வில்

நாணிறக்க மூன்று மாதமும் காலை அம்பு கிடையாது என்றால் அன்றைக்குக் காற்று எப்படிப் பார்ப்பார்கள்? இறகைக் கையிலிருந்து விடட்டும். ஒட்டுவதற்குத் தேறாத வாத்திறகு கூடை கூடையாகக் கிடக்கும்.